பார்த்துப் புறப்படுங்கள்
(தொடர்கல்வி மையக் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட உரை)



வாசலில் பாருங்கள். எத்தனை மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன! ஒரு வண்டி பால் சுமக்கிறது. ஒரு வண்டி காய்கறி சுமக்கிறது. ஒரு வண்டி பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டு போகிறது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அந்த வண்டிதான். இன்று அது பணக்காரர் வீட்டுப் பொருள் அல்ல. உழைக்கிறவர் வீட்டுப் பொருள்.

திருவிழா வந்தால் அந்த வண்டியிலேயே சொந்த ஊருக்குப் போகிறோம். 200 கிலோமீட்டர், 300 கிலோமீட்டர் போகிறோம். அப்படிப் போகும்முன் என்ன பார்க்க வேண்டும்? அதுதான் இன்றைய பேச்சு.

இன்ஜினைப் பிரிக்கிற வேலை பற்றிய பேச்சு அல்ல இது. அது மெக்கானிக்கின் வேலை. இது நட்டு, போல்ட் பற்றியது. ஒயர், ஃபியூஸ் பற்றியது. இவற்றைப் பார்ப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். கண் வேண்டும். கை வேண்டும். அரை மணி நேரம் வேண்டும்.

2022ஆம் ஆண்டில் நமது நாட்டில் சாலை விபத்தில் 1,68,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அரசாங்கம் வெளியிட்ட கணக்கு இது. அவர்களில் 100க்கு 44 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். இந்தச் சாவுகளுக்குப் பெரிய காரணம் வேகம். தலைக்கவசம் போடாததும் பலரைக் கொன்றது. எல்லாவற்றுக்கும் நட்டும் ஒயரும் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஓடுகிற வண்டியில் ஒரு நட்டு விழுந்துவிட்டால், நிதானமாக ஓட்டுகிறவரும் தப்புவது கடினம்.

ஒரு குடும்பம், ஒரு பயணம்

ஒரு குடும்பத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். மும்பையில் ஒரு தொழிலாளி. மார்க்கெட்டில் மூட்டை எண்ணும் வேலை. அவருக்குச் சொந்த ஊர் கொங்கணத்தில், ரத்னகிரிப் பக்கம். ஆவணி, புரட்டாசி வாக்கில் கணபதி பண்டிகை வரும். மும்பையில் வேலை செய்யும் கொங்கணத்து மக்கள் அப்போது ஊருக்குப் புறப்பட்டுவிடுவார்கள். ரயிலில் இடம் கிடைக்காது. பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. அதனால் பலர் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார்கள்.

பாதை பன்வேலில் தொடங்கும். மஹாட், போலாட்பூர் தாண்டினால் கசேடி மலைப்பாதை. அதன் பிறகு கேட், சிப்ளூண், சங்கமேஷ்வர். மும்பையிலிருந்து ரத்னகிரி வரை சுமார் 330 கிலோமீட்டர். அது மழைக்காலம். கொங்கணத்தில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். சாலையில் பள்ளம் இருக்கும். பள்ளத்தில் தண்ணீர் இருக்கும். பள்ளம் நட்டைக் கழற்றும். தண்ணீர் ஒயரைக் கெடுக்கும்.

இந்தத் தொழிலாளி பிள்ளைகளைப் பாட்டியோடு முன்னதாகவே பஸ்ஸில் அனுப்பிவிட்டார். அவரும் மனைவியும் வண்டியில் போவதாக ஏற்பாடு. 100 சி.சி. வண்டி. வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

மனைவி கேட்டார்: "வண்டியை ஒரு தடவை காகாவிடம் காட்டிவிட்டுப் போகலாமே?"

காகா என்றால் மராத்தியில் சித்தப்பா. தெருமுனை மெக்கானிக்கை அந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது? ஓடுகிற வண்டியில் எதற்குக் கை வைக்க வேண்டும்?" என்றார் கணவர்.

"வீட்டிலிருந்து மார்க்கெட் வரை ஓடுகிறது. ஊர் வரை ஓடுமா என்று அவர் சொல்லட்டும்" என்றார் மனைவி.

இருவரும் போனார்கள். போனது நல்லதாகப் போயிற்று. ஏன் என்று பிறகு பார்க்கலாம்.

நட்டு ஏன் தானாகக் கழல்கிறது?

ஒரு சாக்கு மூட்டையின் வாயைக் கயிற்றால் கட்டுகிறோம். கயிறு இறுக்கமாக இருந்தால் முடிச்சு அசையாது. கயிறு கொஞ்சம் தளர்ந்தால் என்ன ஆகும்? மூட்டை ஆட ஆட முடிச்சும் ஆடும். பிறகு அவிழ்ந்துவிடும்.

போல்ட்டும் அப்படித்தான். நட்டை முறுக்கும்போது போல்ட் மிக மிகக் கொஞ்சம் நீள்கிறது. கண்ணுக்குத் தெரியாது. நீண்ட போல்ட், ரப்பர் மாதிரி, மறுபடி சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் அழுத்திப் பிடிக்கிறது. இழுப்பு இருக்கும்வரை நட்டு நகராது. இழுப்பு குறைந்துவிட்டால் பாகங்கள் லேசாக ஆடும். ஆட ஆட நட்டு மரையில் பின்னால் சுற்றும்.

ஜெர்மனியில் யுங்கர் என்று ஒரு பொறியாளர் இருந்தார். 1969ஆம் ஆண்டில் அவர் இதைச் சோதனை செய்து வெளியிட்டார். மேலும் கீழும் இழுப்பதைவிட, பக்கவாட்டில் ஆட்டுவதுதான் நட்டை வேகமாகக் கழற்றுகிறது என்று அவர் காட்டினார். சாதாரண ஸ்பிரிங் வாஷர் இந்த ஆட்டத்தை அதிகம் தடுப்பதில்லை என்பதும் இப்படிப்பட்ட சோதனைகளில் தெரிந்தது. ஆகவே, "ஸ்பிரிங் வாஷர் போட்டாயிற்று, இனிக் கவலை இல்லை" என்று இருந்துவிடக் கூடாது.

வண்டி எவ்வளவு ஆடுகிறது? ஒரு கணக்குப் போடுங்கள். இன்ஜின் ஒரு நிமிடத்தில் 5,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 3,00,000 சுற்று. பத்து மணி நேரப் பயணத்தில் 30,00,000 சுற்று! ஒவ்வொரு சுற்றிலும் வண்டி அதிர்கிறது. இதோடு சாலைப் பள்ளங்களும் சேர்கின்றன. தினமும் அரை மணி நேரம் ஓடும் வண்டியில் இரண்டு மாதத்தில் தளரும் நட்டு, நெடும் பயணத்தில் ஒரே வாரத்தில் தளர்ந்துவிடலாம்.

காகா கண்டுபிடித்தது

காகா வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தினார். ஸ்பேனரை எடுக்கவில்லை. முதலில் ஒரு பழைய துணியை எடுத்தார். சேற்றைத் துடைத்தார்.

"காகா, கழுவ வரவில்லை. நட்டு இறுக்கத்தான் வந்தோம்" என்றார் தொழிலாளி.

"சேறு மூடியிருந்தால் எந்த நட்டு இருக்கிறது, எது இல்லை என்று எப்படித் தெரியும் தம்பி?" என்றார் காகா.

பின் சக்கரத்துக்கு வந்தபோது அவர் கை நின்றது.

அந்த வண்டியில் பின்னால் டிரம் பிரேக். டிரம் பிரேக்கின் தட்டு, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றக் கூடாது. அதைச் சுற்றாமல் பிடித்து வைக்க ஒரு பட்டைக் கம்பி உண்டு. டார்க் ராடு என்பார்கள். ஒரு முனை பிரேக் தட்டில் இருக்கும். மறுமுனை வண்டியின் பின்கையில் இருக்கும். இரண்டு முனையிலும் நட்டு உண்டு. நட்டு கழன்று விழாமல் இருக்க, குறுக்கே ஒரு சிறு பின் போடுவார்கள். அதற்குக் காட்டர் பின் என்று பெயர்.

அந்தப் பின் இல்லை. நட்டு இரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சமீபத்தில் சக்கரத்தைக் கழற்றினாயா?" என்று கேட்டார் காகா.

"மூன்று வாரம் முன்பு வழியில் பஞ்சர் ஒட்டினேன் காகா."

"ஒட்டியவர் பின்னைத் திரும்பப் போடவில்லை. நீயும் பார்க்கவில்லை."

"விழுந்தால் என்ன ஆகும்?" என்று மனைவி கேட்டார்.

காகா சொன்னார்: "மலை இறக்கத்தில் பிரேக்கை மிதிப்பீர்கள். பிடிக்கக் கம்பி இல்லை. தட்டு சக்கரத்தோடு சுற்றும். பிரேக் ராடு முறுக்கிக்கொள்ளும். சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளலாம். அப்புறம் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது."

கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வழியில் கசேடி மலை இருக்கிறது. பின்னால் உட்காரப் போகிறவர் மனைவி.

காகா நட்டை முறுக்கினார். புதுப் பின்னைச் செருகி, இரண்டு காலையும் விரித்து மடக்கினார். ஒரு பழைய பின் அவரிடம் இருந்தது. அதை அவர் போடவில்லை. மடக்கி நிமிர்த்திய பின் மறுபடி மடக்கினால் முறிந்துவிடும். விலை மிகக் குறைவு. உயிரின் விலை அப்படி அல்ல.

இதில் ஒரு பாடம் உண்டு. வண்டியை யாரிடம் ரிப்பேருக்கு விட்டாலும், திரும்ப வாங்கும்போது அவர் கழற்றிய இடத்தைப் பாருங்கள். பஞ்சர் ஒட்டினாலும் பாருங்கள். நட்டு இருக்கிறதா? பின் இருக்கிறதா? பார்ப்பது அவமரியாதை இல்லை.

எந்தெந்த நட்டைப் பார்க்க வேண்டும்?

முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே வரிசையில் பாருங்கள். அப்போது எதுவும் விட்டுப்போகாது.

முன் சக்கரத்தின் ஆக்சில் நட்டு. முன் பிரேக் டிஸ்க் ஆக இருந்தால் அதன் பிடிப்பு போல்ட்டுகள். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் போல்ட்டுகள். கண்ணாடி. முன் விளக்கு.

நடுவில், இன்ஜினைச் சட்டத்தில் பிடிக்கும் போல்ட்டுகள். சைலன்சர், இன்ஜினில் சேரும் இடத்து நட்டுகள். இவை சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்குவதால் சீக்கிரம் தளரும். கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட். சைடு ஸ்டாண்டின் போல்ட். இன்ஜின் ஆயில் வடிக்கும் திருகு. அதன் அடியில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

பின்னால், ஆக்சில் நட்டு. டார்க் ராடு. பிரேக் ராடு முனை நட்டு. ஷாக் அப்சார்பரின் மேல் நட்டும் கீழ் நட்டும். பல் சக்கரத்தின் நட்டுகள். கேரியர், மட்கார்டு, நம்பர் பிளேட்.

செயினை மறக்க வேண்டாம். செயினின் கீழ்ப் பகுதியின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசையுங்கள். பல சிறு வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை அசைய வேண்டும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். செயினை இணைக்கும் இடத்தில் ஒரு சிறு கிளிப் இருக்கலாம். அதற்கு ஒரு மூடிய முனையும், பிளந்த முனையும் உண்டு. மூடிய முனைதான் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால், எதிலாவது தட்டி கிளிப் கழன்றுவிடும்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

"பலமாக இறுக்கினால் நல்லது" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அளவுக்கு மேல் முறுக்கினால் மரை பிய்ந்துவிடும். இன்ஜின் உடம்பு அலுமினியம். போல்ட் இரும்பு. அலுமினியம் மெதுவானது. அங்கே மரை போனால் செலவு பெரிது.

அளவு கையேட்டில் இருக்கும். என்.எம். என்ற எழுத்துக்கு முன்னால் ஓர் எண் இருக்கும். அதுதான் முறுக்கும் அளவு. உதாரணமாக, 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் பிடிக்கும் சிறு போல்ட்டுக்குச் சாதாரணமாகச் சுமார் 10 என்.எம். வரும். இது எவ்வளவு? 10 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் அளவு. ஸ்பேனர் 20 சென்டிமீட்டர் என்றால் 5 கிலோ போதும். பார்த்தீர்களா? ஸ்பேனர் நீளமானால் பலம் குறைய வேண்டும். அதனால்தான் சிறு போல்ட்டை நீளமான ஸ்பேனரால் முறுக்கக் கூடாது.

ஆக்சில் நட்டு அப்படி அல்ல. அதற்குப் பல மடங்கு பலம் வேண்டும். அதை அளவுள்ள டார்க் ஸ்பேனரால் மெக்கானிக்கே இறுக்குவது நல்லது.

ஸ்பேனர் நட்டுக்குச் சரியாக உட்கார வேண்டும். தளர்ந்த ஸ்பேனர் நட்டின் மூலையை மழுக்கிவிடும். முடிந்த இடத்தில் ரிங் ஸ்பேனரையே பயன்படுத்துங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது அதன் போல்ட்டைத் தொட வேண்டாம். ஆறட்டும்.

உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டுகள் உண்டு. அவை தானாகக் கழலாமல் பிடித்துக்கொள்ளும். கையாலேயே கடைசி வரை திருக முடிகிறது என்றால் அந்த வளையம் தேய்ந்துவிட்டது. புதிது போடுங்கள். மரையில் விடுகிற பசை மருந்தும் கடையில் கிடைக்கும். நீல நிற மருந்து போட்டால் பிறகு ஸ்பேனரால் கழற்றலாம். சிவப்பு நிற மருந்து சாதாரணமாகக் கழற்றும் இடத்துக்கு ஆகாது.

நகப்பூச்சுக் கோடு

எல்லா நட்டையும் இறுக்கிய பிறகு காகா கேட்டார்: "அம்மா, வீட்டில் நகத்துக்குப் பூசுகிற சிவப்புப் பூச்சு இருக்கிறதா?"

மனைவி சிரித்துக்கொண்டே போய் எடுத்து வந்தார். காகா ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு கோடு போட்டார். கோடு நட்டின் மேல் தொடங்கி, பக்கத்து இரும்பில் முடிந்தது. ஒரே நேர்கோடு.

"வழியில் டீ குடிக்க நிறுத்துவீர்கள். அப்போது ஸ்பேனர் வேண்டாம். கோட்டை மட்டும் பாருங்கள். நேராக இருந்தால் நட்டு நகரவில்லை. கோடு உடைந்து இரண்டு துண்டாகத் தெரிந்தால் நட்டு நகர்ந்துவிட்டது" என்றார்.

கம்பெனிகளிலும் தொழிற்சாலைகளிலும் பெயிண்டால் இப்படிக் குறி வைப்பார்கள். நகப்பூச்சும் அதே வேலையைச் செய்யும். புதிதாக இறுக்கிய நட்டுகளை முதல் 50 அல்லது 100 கிலோமீட்டரில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

மீதிக் கோடுகளை மனைவியே போட்டார். எந்த நட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

மின்சாரம் போகும் வழி

இனி ஒயருக்கு வரலாம். மோட்டார் சைக்கிளில் 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து மின்சாரம் புறப்படும். ஃபியூஸ் வழியாக விளக்குக்கும் ஹாரனுக்கும் போகும். வேலை முடிந்து, வண்டியின் இரும்புச் சட்டம் வழியாக மைனஸ் முனைக்குத் திரும்பும். இந்தச் சட்ட வழியைத்தான் எர்த் என்கிறோம்.

வாய்க்காலில் தண்ணீர் போகிறது. ஓரிடத்தில் மண் சரிந்து அடைத்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் குறையும். ஒயர் இணைப்பில் பச்சையாகக் களிம்பு பிடித்தாலும் அப்படித்தான். 12 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 10 வோல்ட் போகும். விளக்கு மங்கும். குறைந்த மின்சாரம் எங்கே போயிற்று? அந்த இணைப்பில் சூடாக மாறிவிட்டது. இணைப்பு உருகிக் கருகுவது இதனால்தான்.

2020 ஏப்ரல் முதல் நமது நாட்டில் பி.எஸ். 6 விதி வந்தது. அதன் பிறகு வந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலை மின்சாரம்தான் அளந்து தெளிக்கிறது. அந்த வண்டிகளில் பேட்டரி இணைப்பு தளர்ந்தால் விளக்கு மட்டும் அல்ல, இன்ஜினே நின்றுவிடலாம்.

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கிறதா? ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துத் துடையுங்கள். தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. கையில் உறை, கண்ணில் கண்ணாடி நல்லது. காய்ந்த பின் முனைகளை இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

இணைப்பைக் கழற்றும்போது முதலில் மைனஸ். மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஏன்? வண்டிச் சட்டம் முழுவதும் மைனஸோடு சேர்ந்திருக்கிறது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் முனையில் ஸ்பேனர் போட்டால், அதன் வால் சட்டத்தில் பட்டாலே பெரிய பொறி பறக்கும். மைனஸை முதலில் எடுத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை.

ஒயரைப் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. ஹேண்டில் திரும்பும் கழுத்து. பெட்ரோல் டாங்கின் அடி. சீட்டின் அடி. கழுத்தில் ஒயர் மடங்கி மடங்கி உள்ளே முறியும். டாங்கின் அடியிலும் சீட்டின் அடியிலும் இரும்பில் உரசித் தோல் போகும்.

ஒரு சுலபமான சோதனை உண்டு. வண்டியை நிறுத்தி வைத்து இன்ஜினை ஓடவிடுங்கள். ஹேண்டிலை இடது கடைசிக்குத் திருப்புங்கள். பிறகு வலது கடைசிக்குத் திருப்புங்கள். விளக்கு மினுக்கினாலோ, இன்ஜின் தடுமாறினாலோ கழுத்துப் பக்கத்தில் கோளாறு இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

கூடுதல் விளக்கு, செல்போன் சார்ஜர் போட்டிருக்கிறீர்களா? ஒயரைச் சும்மா முறுக்கி டேப் சுற்றியிருந்தால் மழைக்கு ஆகாது. தனி ஃபியூஸ் வைத்து, சரியான இணைப்பு போடச் சொல்லுங்கள். வண்டி கழுவும்போது வேகத் தண்ணீரை ஒயர் இணைப்புகளின் மேல் நேராக அடிக்க வேண்டாம்.

மழை இரவில் நடந்தது

கணவனும் மனைவியும் புறப்பட்டார்கள். பேண் ஊரில் டீ குடித்தார்கள். கோடுகளைப் பார்த்தார்கள். எல்லாம் நேர். மாண்காவில் மழை பிடித்துக்கொண்டது. மஹாட் தாண்டும்போது இருட்டிவிட்டது.

சாலையில் ஒரு மாடு நின்றது. கணவர் ஹாரனை அழுத்தினார். சத்தம் இல்லை. வண்டியை நிதானமாக ஒதுக்கி, ஒரு டீக்கடைத் தகரக் கூரையின் கீழ் நிறுத்தினார். இன்ஜின் ஓடியது. முன் விளக்கும் எரிந்தது. ஆனால் ஹாரன் இல்லை, இண்டிகேட்டர் இல்லை. பிரேக்கைப் பிடித்தார். மனைவி பின்னால் நின்று பார்த்தார்.

"பிரேக் லைட்டும் எரியவில்லை" என்றார்.

பின்னால் லாரிகள் வந்துகொண்டிருந்தன. முன்னால் கசேடி மலை. மழையில் இவர் பிரேக் பிடித்தால் பின்னால் வருகிற லாரிக்குத் தெரியாது.

ஃபியூஸ் போயிருந்தது. காகா சொல்லி, அதே அளவில் மூன்று ஃபியூஸ் வாங்கி வைத்திருந்தார்கள். சிவப்பு நிறம், 10 ஆம்பியர். ஒன்றைப் போட்டார். ஹாரன் ஒலித்தது. ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பி முன் பிரேக்கைப் பிடித்தார். மறுபடி எல்லாம் அணைந்தது. இரண்டாவது ஃபியூஸும் போய்விட்டது.

டீக்கடையில் நின்ற ஒருவர், "சிகரெட் அட்டையில் வெள்ளித் தாள் இருக்கிறது. அதைச் சுற்றி மாட்டுங்கள். ஊர் வரை போகும்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

கணவர் கையை நீட்டினார். மனைவி தடுத்தார்.

"வேண்டாம். காகா என்ன சொன்னார்? ஒரு ஃபியூஸ் போனால் மாற்று. இரண்டாவதும் போனால் நிறுத்தித் தேடு என்றார். டாங்க் நிறையப் பெட்ரோல் இருக்கிறது. அதன் அடியில் ஒயர் எரிந்தால் என்ன ஆவது?"

அவர் சொன்னது முழுக்கச் சரி. ஃபியூஸ் என்பது காவல்காரன். ஓரிடத்தில் மின்சாரம் தப்பான வழியில் பாய்கிறது என்பதைத் தன் உயிரைக் கொடுத்துச் சொல்கிறது. வெள்ளித் தாள் அப்படிச் செய்யாது. அது உருகும்முன் ஒயரே பற்றிக்கொள்ளும்.

சாவியை அணைத்தார்கள். ஹேண்டிலைத் திருப்பினால்தானே ஃபியூஸ் போகிறது? அப்படியானால் கழுத்தில் தேட வேண்டும். மனைவி செல்போன் வெளிச்சம் காட்டினார். பிரேக் லைட்டுக்குப் போகும் ஒயர் இரும்பு விளிம்பில் உரசி, தோல் போய், செம்பு தெரிந்தது. துடைத்தார்கள். டீக்கடைத் துணியால் ஈரம் எடுத்தார்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்றுச் சுற்றினார்கள். ஒயர் விளிம்பில் படாமல் பிளாஸ்டிக் கட்டால் தள்ளிக் கட்டினார்கள். மூன்றாவது ஃபியூஸைப் போட்டார்கள்.

ஹேண்டிலை இடம் திருப்பினார். வலம் திருப்பினார். பிரேக் பிடித்தார். மனைவி பின்னாலிருந்து சொன்னார்: "எரிகிறது!"

மழை கொஞ்சம் விடும்வரை காத்திருந்தார்கள். பிறகு மெதுவாக மலை ஏறி இறங்கினார்கள். இறக்கத்தில் பின் பிரேக் ஒழுங்காகப் பிடித்தது. விடியும்போது ஊரில் இருந்தார்கள். பிள்ளைகள் வாசலில் நின்றார்கள்.

ஊரில் இறங்கியதும் கணவர் ஒரு மெக்கானிக்கிடம் அந்த ஒயரைக் காட்டி, முறையாக மாற்றிக்கொண்டார். டேப் சுற்றியது வழிக்கு மட்டும்தான்.

பையில் என்ன வைக்க வேண்டும்?

வண்டிக்குப் பொருத்தமான ஸ்பேனர்கள். பெரும்பாலும் 8, 10, 12, 14, 17 எண்கள் தேவைப்படும். திருப்புளி, கட்டிங் பிளேயர். பிளக் ஸ்பேனர், ஒரு பிளக். ஃபியூஸ் மூன்று. இன்சுலேஷன் டேப், ஒரு மீட்டர் ஒயர், பிளாஸ்டிக் கட்டுகள். காட்டர் பின் இரண்டு. செயின் கிளிப் ஒன்று. ஒரு பழைய துணி. ஒரு டார்ச். வண்டியின் கையேடு.

இரண்டு தொலைபேசி எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆபத்துக்கும் 112. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

முடிவாக

சகோதரிகளே, சகோதரர்களே! அந்தக் கணவனும் மனைவியும் மெக்கானிக்குகள் அல்ல. பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். ஃபியூஸில் இருந்த 10 என்ற எண்ணைப் படித்தார்கள். நட்டின் மேல் இருந்த கோட்டைப் படித்தார்கள். படிப்பு புத்தகத்தில் மட்டும் இல்லை.

அடுத்த வாரம் வரும்போது ஆளுக்கு ஒரு பழைய துணி கொண்டு வாருங்கள். வண்டிக் கையேட்டையும் கொண்டு வாருங்கள். வாசலில் நிற்கும் வண்டிகளை எல்லோரும் சேர்ந்து துடைத்துப் பார்க்கலாம். வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் உயிர் ஒன்றுதான்.

கேள்விகள்

1. டார்க் ராடு என்ன வேலை செய்கிறது? அதன் நட்டு விழுந்தால் என்ன ஆகும்?
2. நட்டின் மேல் கோடு போடுவது எதற்காக?
3. பேட்டரியைக் கழற்றும்போது எந்த முனையை முதலில் எடுக்க வேண்டும்? ஏன்?
4. ஃபியூஸுக்குப் பதிலாக வெள்ளித் தாள் ஏன் போடக் கூடாது?
5. உங்கள் வண்டிக் கையேட்டைத் திறந்து பாருங்கள். செயின் எவ்வளவு அசைய வேண்டும் என்று எழுதியிருக்கிறது? அந்த எண்ணை உங்கள் நோட்டில் எழுதுங்கள்.